சக்கரத்தின் குடத்துக்குள்ளே: பேரிங்கை அடித்து எடுப்பதா, இழுத்து எடுப்பதா?



விடியற்காலை ஐந்து மணி. லயத்து வாசலில் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் கிளம்புகிறது. அது தோட்டத்துச் செம்மண் பாதையைத் தாண்டித் தார்ச்சாலைக்கு ஏறியதும், பின்சக்கரத்தில் ஒரு முனகல் கேட்கிறது. வேகம் கூடினால் முனகலும் கூடுகிறது. "சங்கிலிக்கு எண்ணெய் விடவேண்டும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுகிறவர் ஒரு மாதம் கடத்திவிடுகிறார். எண்ணெய் விட்ட பிறகும் முனகல் நிற்கவில்லை. சங்கிலியின்மேல் பழி போட்டது தவறு. முனகுவது சக்கரத்துக்குள்ளே இருக்கும் பேரிங்.

கோலா சுங்கை பாரு, தஞ்சோங் பிடாரா, மஸ்ஜிட் தானா வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை சற்று அதிகமாகவே உண்டு. ஒரு பக்கம் தோட்டத்துப் புழுதியும் சேறும். மறு பக்கம் மலாக்கா நீரிணையின் உப்புக் காற்று. இரண்டும் சேர்ந்தால் இரும்புக்கு எமன். கப்சாயின் சக்கரக் குடம் பெரும்பாலும் அலுமினியம். அதற்குள் இருக்கும் பேரிங் உருக்கு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் புகுந்தால், அலுமினியம் வெள்ளைப் பொடியாய்ப் பூத்து, பேரிங்கைச் சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்ட பேரிங்கை எப்படி வெளியே எடுப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம். மெக்கானிக்குகளுக்கு மட்டுமான செய்தி இது என்று பெண்மணிகள் வானொலியை அடைத்துவிட வேண்டாம். ஐந்தாம் படிவம் முடித்த மகனையோ தம்பியையோ பட்டறைக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. இதில் அந்தப் பிள்ளைகளின் கண்ணும் கையும் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

முதலில் மாட்டுவண்டியை நினைத்துக்கொள்வோம். மலாக்காவில் மாட்டுவண்டியைப் பார்க்காதவர் இல்லை. அதன் சக்கரத்தின் நடுவே உருண்டு திரண்டிருக்கும் மரக்கட்டையை நம் பெரியவர்கள் 'குடம்' என்பார்கள். குடத்தில் ஆரக்கால்கள் செருகியிருக்கும். குடத்தின் துளையில் அச்சு நுழைந்திருக்கும். சக்கரம் கழன்று போகாமல் அச்சாணி தடுக்கும். அச்சும் குடமும் நேருக்கு நேர் உரசும். மசகு தீர்ந்தால் கிறீச்சிடும். மோட்டார் வாகனத்தில் 'ஹப்' என்று சொல்கிறோமே, அது இதே குடம்தான். ஒரே ஒரு மாற்றம்: அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே உருக்குக் குண்டுகளை வைத்துவிட்டார்கள். உரசல் போய் உருளல் வந்தது.

இந்த மாற்றத்துக்குக் காரணமானவர்களில் ஒருவர் ஹென்றி டிம்கென் என்னும் அமெரிக்கர். குதிரை வண்டிகள் கட்டிய தொழிலாளி அவர். பாரம் ஏற்றிய வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் தாங்க வேண்டும் என்பதற்காக, ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்த உருளைகள் கொண்ட பேரிங்குக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். லாரி, டிராக்டர் சக்கரங்களில் அந்த வகை இன்றைக்கும் இருக்கிறது. இன்னொருவர் சுவீடன் நாட்டு ஸ்வென் விங்குவிஸ்ட். அவர் ஒரு நெசவாலையில் இயந்திரங்களைப் பராமரித்தவர். ஆலை நின்ற மண் மெல்ல இறங்க, நீண்ட சுழல்தண்டுகள் கோணிக்கொண்டு பேரிங்குகள் அடிக்கடி கெட்டன. அச்சு சற்றுக் கோணினாலும் தானே சரிசெய்துகொள்ளும் பேரிங்கை அவர் 1907-இல் உருவாக்கினார். எஸ்கேஎஃப் கம்பெனி பிறந்தது அப்படித்தான். வண்டி கட்டியவரும் ஆலைப் பராமரிப்புக்காரரும் செய்த வேலை இது. பட்டறைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

இனி பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்ப்போம். இரண்டு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. நடுவே குண்டுகள். குண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் பிரித்து வைக்க ஒரு கூடு. உள் வளையம் அச்சின்மேல் உட்காரும். வெளி வளையம் குடத்துக்குள் உட்காரும். இந்த இரண்டில் ஒன்று மிக இறுக்கமாக இருக்கும். மற்றொன்று பெரும்பாலும் கையால் தள்ளக்கூடிய அளவில் இருக்கும். எது சுழல்கிறதோ அந்த வளையத்தை இறுக்கமாக வைப்பது வழக்கம். கப்சாய் சக்கரத்தில் அச்சு நிற்கிறது, குடம் சுழல்கிறது. ஆகவே வெளி வளையம் இறுக்கம். மின்மோட்டாரில் அச்சு சுழல்கிறது. ஆகவே உள் வளையம் இறுக்கம். சில இடங்களில் இரண்டுமே இறுக்கமாக இருக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

இறுக்கம் என்றால் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு. தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. அச்சு அந்த அளவுக்குத் துளையைவிடப் பெரிதாக இருக்கும். அதை அழுத்திப் புகுத்தியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த அளவுதான் ஆண்டுக்கணக்கில் பேரிங்கை நழுவாமல் பிடித்திருக்கிறது. நாம் கழற்றப் போகும்போது நம்மோடு மல்லுக்கு நிற்பதும் அதுதான்.

நம் பட்டறைகளில் பலர் இதற்குக் கையாளும் வழி சுத்தியலும் உளியும். இரண்டு அடி இந்தப் பக்கம், இரண்டு அடி அந்தப் பக்கம். கடைசியில் பேரிங் வந்துவிடும். வராமல் போகாது. ஆனால் என்னென்ன கெடுகின்றன என்று பாருங்கள். ஒரு பக்கம் அடிக்கும்போது வளையம் கோணிக்கொண்டு நகர்கிறது. அது உட்கார்ந்திருந்த இடத்தைச் சுரண்டுகிறது. அலுமினியக் குடமாக இருந்தால் துளை பெரிதாகிவிடும். அடுத்துப் போடும் புதிய பேரிங் அங்கே தளதளவென்று ஆடும். அப்புறம் குடத்தையே மாற்ற வேண்டும். பேரிங்கின் விலையைப்போல் பல மடங்கு செலவு.

அதைவிட நுட்பமான சேதம் ஒன்று உண்டு. குண்டு உருண்டை, வளையத்தின் பள்ளத்தை அது தொடும் இடம் ஓர் ஊசிமுனை போன்றது. வெளி வளையம் இறுக்கமாக இருக்க, உள் வளையத்தில் நாம் அடித்தால், அடியின் வேகம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போகிறது. ஒவ்வொரு குண்டும் பள்ளத்தில் ஒரு சிறு குழியைப் பதித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது; கையால் சுற்றினாலும் சில வேளை தெரியாது. வண்டி ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு குழியில் விழுந்து எழுந்து, சில வாரங்களில் அந்தப் பழைய முனகல் திரும்ப வந்துவிடும். "கடைக்காரர் மட்டமான பேரிங் கொடுத்துவிட்டார்" என்று நாம் கடைக்காரரைத் திட்டுவோம். பல தடவை குற்றம் பொருத்திய கையில்தான்.

ஆகவே பேரிங் வேலை முழுவதற்கும் ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும்: எந்த வளையம் இறுக்கமோ அந்த வளையத்தைப் பிடித்து இழுக்க வேண்டும், பொருத்தும்போதும் அந்த வளையத்தையே தள்ள வேண்டும். விசை குண்டுகளின் வழியே போகக்கூடாது.

அப்படி இழுப்பதற்கென்றே உண்டானது புல்லர். ஒரு குறுக்குக்கட்டை, அதிலிருந்து தொங்கும் இரண்டு அல்லது மூன்று கொக்கிக் கால்கள், நடுவே ஒரு நீண்ட திருகு. கால்கள் பேரிங்கின் பின்பக்கம் போய்ப் பிடித்துக்கொள்ளும். திருகின் முனை அச்சின் நுனியில் ஊன்றும். ஸ்பேனரால் திருகைச் சுற்றச் சுற்ற, திருகு அச்சைத் தள்ளும், கால்கள் பேரிங்கை இழுக்கும். இழுப்பது நேர்க்கோட்டில், நாலா பக்கமும் சமமாக. இரண்டு கால் புல்லரைவிட மூன்று கால் புல்லர் நிலையாக நிற்கும். அடுப்புக்கு மூன்று கல் வைத்த நம் பாட்டிமார்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இடம் குறுகலாக இருந்தால்தான் இரண்டு கால் புல்லர்.

இத்தனை சிறிய கருவிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருகு ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் முன்னேறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் பிடித்திருக்கும் ஸ்பேனர் 25 சென்டிமீட்டர் நீளம். நம் கை ஒரு முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ 157 சென்டிமீட்டர், அதாவது 1,570 மில்லிமீட்டர் பயணம் செய்கிறது. திருகு நகர்ந்தது ஒன்றரை மில்லிமீட்டர். ஆக, கை கொடுக்கும் விசை காகிதக் கணக்கில் ஆயிரம் மடங்குக்குமேல் பெருகுகிறது. திருகின் மரையில் உண்டாகும் உராய்வு இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பத்தில் ஒன்பது பங்கு போனாலும், கையால் 10 கிலோ விசை கொடுத்தால் மறுமுனையில் ஒரு டன் கிடைக்கும். ஒரு சிறிய காரின் எடை! திருகுக்குக் கிரீஸ் தடவச் சொல்வது இதற்காகத்தான்; உராய்வு தின்பது குறையும்.

ஒரு டன் என்பது உதவியும் செய்யும், ஆபத்தும் செய்யும். இந்த இடத்தில் எங்கள் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலை பழகிய நாட்களில் ஒருமுறை ஒரு டிரைலர் அச்சிலிருந்து பேரிங்கை இழுக்கப் புல்லரை மாட்டினோம். வரவில்லை. ஸ்பேனரில் ஒரு நீர்க்குழாயைச் செருகி இருவராகச் சேர்ந்து அழுத்தினோம். 'டப்' என்று ஒரு சத்தம். புல்லரின் ஒரு கால் முறிந்து எங்கள் காதருகே பறந்துபோய்த் தகரச் சுவரில் மோதியது. பிறகு துடைத்துப் பார்த்தால், பேரிங்குக்கு முன்னால் கிரீஸும் சேறும் மூடிய பள்ளத்தில் ஒரு சர்க்கிளிப் வளையம் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் இழுத்தால் எந்தப் பேரிங் வரும்? முதலில் துடைத்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அன்றிலிருந்து நாங்கள் புல்லரை எடுக்கும் முன் மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுக்கிறோம்.

ஆகவே வரிசை இதுதான். சுத்தம் செய்து, சர்க்கிளிப், பின், நட்டு ஏதாவது தடுக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த இடத்தில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து, முடிந்தால் ஓர் இரவு விட்டுவிடுங்கள். அந்த ஓர் இரவு செய்யும் வேலையை நாலு ஆள் செய்ய முடியாது. புல்லரின் கால்கள் உள் வளையத்தின் பின்னால் முழுமையாகப் பிடிக்க வேண்டும். விளிம்பில் நகம் கீறுவதுபோல் பிடித்தால் வழுக்கும். பின்னால் கால் நுழைய இடமில்லையென்றால், இரண்டாகப் பிளந்த தட்டு ஒன்று கிடைக்கிறது. பேரிங் செப்பரேட்டர் என்பார்கள். அதன் கத்தி போன்ற விளிம்பைப் பேரிங்கின் பின்னால் செருகி, இரு பாதியையும் போல்ட்டால் நெருக்கி, அந்தத் தட்டைப் புல்லரால் இழுக்கலாம். திருகின் முனை அச்சின் நடுவில் நேராக ஊன்றுகிறதா என்று பார்த்து, கையால் திருகிச் சமமாக இறுகவிட்ட பிறகே ஸ்பேனரை எடுங்கள். கால் பங்கு சுற்று, நிறுத்திப் பாருங்கள், மறுபடி கால் பங்கு சுற்று. கோணினால் தளர்த்தி மீண்டும் மாட்டுங்கள்.

வராவிட்டால் திருகின் தலையில் சுத்தியலால் ஓங்கி அடிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அச்சின் மறுமுனை இன்னொரு பேரிங்கில் தாங்கி நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். இந்த அடி நேரே அந்த நல்ல பேரிங்கின் குண்டுகளுக்குப் போகும். ஒன்றைக் கழற்றப் போய் இன்னொன்றைக் கெடுத்த கதைதான். பெரிய புல்லரைத் தேடுங்கள். இல்லையேல் சூடு காட்டுங்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அலுமினியம் சூட்டில் உருக்கைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கப்சாயின் குடத்தின்மேல் கொதிக்கும் நீரை மெல்ல ஊற்றினால், குடம் பேரிங்கைவிட அதிகமாய் விரிந்து பிடியைத் தளர்த்தும். கெட்டில் தண்ணீர் போதும். வாயு நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். கிரீஸ் பற்றிக்கொள்ளும், பேரிங் உருக்கும் தன் கடினத்தை இழக்கும், பக்கத்தில் டயர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கப்சாய் சக்கரத்தில் மூன்று கால் புல்லருக்கு வேலையில்லை. பேரிங் குடத்துக்குள் புதைந்திருக்கிறது. வெளியிலிருந்து பிடிக்க ஒன்றும் இல்லை. இதற்கு உள்பிடிப் புல்லர் வேண்டும். அதன் முனையைப் பேரிங்கின் துளைக்குள் விட்டுத் திருகினால், முனை விரிந்து உள் வளையத்தின் பின்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அதன் தண்டில் ஒரு கனமான இரும்பு வழுக்கிக்கொண்டு ஓடும். அதை வேகமாய்ப் பின்னோக்கி இழுத்து முட்டவிட்டால் பேரிங் வெளிவரும். இங்கே நாம் சொன்ன விதியை நாமே மீறுகிறோம் என்று கவனமாய்க் கேட்பவர்கள் கேட்கலாம். உண்மைதான். இறுக்கம் வெளி வளையத்தில், இழுப்பது உள் வளையத்தை. வேறு வழி இல்லாததால் செய்கிறோம். ஆகவே இப்படி எடுத்த பேரிங் நன்றாய் இருப்பதுபோல் தோன்றினாலும் திரும்பப் போடக்கூடாது.

புதியதை வாங்கும்போது பழையதன் எண்ணைப் பாருங்கள். 6203 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கம் துளையின் அளவைச் சொல்கிறது: 03 என்றால் 17 மில்லிமீட்டர். 04 முதல் மேலே, ஐந்தால் பெருக்கினால் போதும். 04 என்றால் 20, 05 என்றால் 25. எண்ணுக்குப் பின்னால் 'இரண்டு ஆர்எஸ்' என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி. 'இசட் இசட்' என்றால் தகர மூடி. சேற்றிலும் உப்புக்காற்றிலும் ஓடும் நம் வண்டிக்கு ரப்பர் மூடிதான் ஏற்றது.

கப்சாய் எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் காந்தச் சக்கரத்துக்கும் தனிப் புல்லர் உண்டு. அந்தச் சக்கரம் கூம்பு வடிவ அச்சில் இறுகியிருக்கிறது. அதன் நடுவே புல்லருக்கென்றே மரை வெட்டியிருக்கிறார்கள். சில வண்டிகளில் அது இடது மரை. பார்த்துத் திருகாவிட்டால் மரை போய்விடும். அந்தப் புல்லர் விலை அதிகம் இல்லை. அதை வாங்காமல் ஓரத்தில் தட்டித் தட்டி எடுத்தால் காந்தம் உடைந்து சிதறலாம். எஞ்சினின் சுழல்தண்டே கோணலாம்.

கூம்பு அச்சில் கொக்கிக் கால் புல்லர் போட்டு ஹப்பை இழுக்கும்போது மறக்கக்கூடாத ஒன்று: நட்டை முழுவதும் கழற்றிவிடாமல், தளர்த்தி, நுனியில் இரண்டு மூன்று மரையில் நிற்கும்படி விடுங்கள். பிடி விடும் கணத்தில் ஹப் துப்பாக்கிக் குண்டுபோல் குதிக்கும். நட்டு அதைத் தடுத்து நிறுத்தும். நேர் எதிரே யாரும் நிற்கக்கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பது அங்கேதான்.

கார் விஷயத்துக்கு வந்தால், முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் வெளி வளையமும் உள் வளையமும் இரண்டுமே இறுக்கம். ஹப்பை இழுத்தெடுக்கும்போது பேரிங் பிரிந்து, உள் வளையத்தின் ஒரு பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதைச் செப்பரேட்டர் வைத்துத் தனியே எடுக்க வேண்டும். பேரிங் புதிதுதான் போட வேண்டும். சக்கரம் வழுக்காமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களில் சில பேரிங்குகளின் மூடியிலேயே காந்த வளையம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். அதில் உளி பட்டாலோ வேறு காந்தம் ஒட்டினாலோ, டேஷ்போர்டில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். இதை வீட்டு வாசலில் வைத்துச் செய்யாமல், அழுத்து இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுப்பது நல்லது.

இப்போது தாய்மார்களுக்கு. பேரிங் உருக்கு மிகக் கடினமானது. அரம் போட்டால் வழுக்கும். கடினமான பொருள் உடையும்போது கண்ணாடிபோல் சில்லாகத் தெறிக்கும். சுத்தியலும் கடினம், பேரிங்கும் கடினம். இரண்டும் நேரடியாக மோதும்போது தெறிக்கும் அரிசி நொய்யளவுச் சில்லு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். பட்டறையில் வேலை பழகும் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "சாப்பிட்டாயா" என்று கேட்பதோடு, "கண்ணாடி போட்டாயா" என்றும் கேளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் அதிகம் போகாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் கை விடாமல், முட்டுக்கொடுத்து வேலை செய்கிறானா என்றும் கேளுங்கள். புல்லர் இழுக்கும் வேகத்தில் வண்டி ஆடும்.

தவுக்கேயிடம் பணிவாய்க் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: "பையனுக்குச் சொக்சோ கட்டுகிறீர்களா?" 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தவரும் தொழிலாளராகவே கருதப்படுகிறார். ஒரே ஒருவரை வைத்து நடத்தும் பட்டறையானாலும் பதிவு செய்ய வேண்டும். சுயதொழில் செய்பவர்களுக்கு 2017-இல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. வேலையில் கண்ணுக்கோ கைக்கோ காயம் பட்டால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழி செய்வது இதுதான். வாய்ப்பேச்சில் சேர்ந்த வேலையில் இது விட்டுப்போவது நாம் அடிக்கடி காண்கிற ஒன்று.

கடைசியாக, புதிய பேரிங்கைப் பொருத்துவது. கப்சாய்க் குடத்தைத் துடைத்து, புதிய பேரிங்கை நேராக வைத்து, பழைய பேரிங்கின் வெளி வளையத்தையோ அதே அளவுள்ள குழாய்த் துண்டையோ மேலே வைத்து, வெளி வளையம் மட்டும் அழுந்தும்படி மெல்லப் புகுத்துங்கள். ஒரு பக்கம் உட்கார்ந்ததும் நடுக்குழாயைப் போட மறக்காதீர்கள். மறந்துவிட்டு இரண்டாம் பேரிங்கையும் போட்டு அச்சு நட்டை இறுக்கினால், இரண்டு உள் வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, பேரிங் அன்றைக்கே சூடேறத் தொடங்கும். அப்புறம் மீண்டும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

பொருத்தி முடித்ததும் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றி, ஸ்க்ரூ டிரைவரின் முனையை அச்சின் நுனியிலும் பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பிலும் வைத்துக் கேளுங்கள். சக்கரம் சுற்றும்போது கரகரப்பு எதுவும் கேட்கக்கூடாது. மஸ்ஜிட் தானா வரை ஒருமுறை போய்வந்து, சக்கரம் நின்ற பிறகு குடத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாய் இருந்தால் சரி. கை வைக்க முடியாவிட்டால், நடுக்குழாயைத் தேடுங்கள், பெரும்பாலும் அது பட்டறைத் தரையில் கிடக்கும்.